காதைப் பாருங்கள், வாலை அப்புறம் பார்க்கலாம்

கால்நடை மருத்துவர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டிருந்தன: நாம் பேசுவது விலங்குகளுக்குப் புரிகிறதா? முப்பத்துநான்கு வருடம் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவள் நான். அவை சொல்வது நமக்குப் புரியாமல் போனதால் வந்த பிரச்சினைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் என் பதில்கள் அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும்.

கேள்வி: வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் செருப்பு கிழிந்து கிடக்கிறது. நாய் மூலையில் ஒடுங்கி, காதை மடக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தப்பு செய்தது தெரிந்துதானே அப்படி உட்கார்கிறது?

பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதையே 14 நாய்களிடம் சோதித்துப் பார்த்து 2009-இல் வெளியிட்டார். நாய்க்குப் பிடித்த தின்பண்டத்தைக் காட்டி, 'தொடாதே' என்று சொல்லிவிட்டு வளர்ப்பவர் அறையைவிட்டு வெளியே போய்விட வேண்டும். அவர் திரும்பி வரும்போது, நாய் தின்றுவிட்டது என்றோ தின்னவில்லை என்றோ அவரிடம் சொல்வார்கள். சில நேரம் வேண்டுமென்றே மாற்றிச் சொல்வார்கள். அந்தக் 'குற்றவாளி முகம்' எப்போது வந்தது தெரியுமா? தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை. திட்டு விழுந்ததா என்பதைப் பொறுத்தே வந்தது. ஒன்றுமே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்கள்தான் அதிகமாக ஒடுங்கின.

ஆக, நீங்கள் பார்ப்பது ஒப்புதல் வாக்குமூலம் அல்ல. உங்கள் நடை வேகமாகிவிட்டது, மூச்சு மாறிவிட்டது, செருப்பைப் பார்த்ததும் தோள் விறைத்துவிட்டது. அதையெல்லாம் படித்துவிட்டு நாய் 'கோபப்படாதே' என்கிறது. அந்த நேரத்தில் அடித்தால், செருப்புக்காக அடி விழுகிறது என்று அதற்குத் தெரியாது. நீங்கள் வீட்டுக்கு வந்ததற்காக அடி விழுகிறது என்றுதான் தோன்றும். செருப்பை எட்டாத இடத்தில் வையுங்கள். நாய் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கிறது என்பதையும் யோசியுங்கள்.

கேள்வி: ஆறு வயது நாய். இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது பேரன் பக்கத்தில் போனால் உறுமுகிறது. அடித்து அதட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்த ஒரு பதிலையாவது வீட்டில் எல்லோரும் படியுங்கள்.

பல வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு நாயைக் கொண்டுவந்தார்கள். 'எந்த அறிகுறியும் காட்டாமல் குழந்தையைக் கடித்துவிட்டது, இனி வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது' என்றார்கள். மேஜைமேல் ஏற்றி நிறுத்தினேன். வால் ஆடிக்கொண்டே இருந்தது. 'பாருங்கள், இவ்வளவு நல்ல நாய்தான்' என்றார் அந்த வீட்டு அம்மா. நான் தலைப் பக்கம் கையைக் கொண்டுபோனேன். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நாய் சட்டென்று வாயை மூடியது. நாக்கு நுனி ஒருமுறை மூக்கைத் தொட்டுவிட்டு உள்ளே போனது. இடது காது மட்டும் பின்னால் போய்த் தலையோடு ஒட்டிக்கொண்டது. தலை அசையவில்லை, கண் மட்டும் என் கையோடு நகர்ந்தது. கண்ணின் ஓரத்தில் பிறை மாதிரி வெள்ளை தெரிந்தது. வால் அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

கையை எடுத்துவிட்டேன். வலிக்கு மருந்து கொடுத்து, மயக்கிவிட்டுப் பார்த்தால் இடது காதின் உள்ளே ஆழமாகச் சீழ் கட்டியிருந்தது. விசாரித்தபோது மெல்ல விஷயம் வந்தது. ஒரு மாதமாகவே குழந்தை தலையைத் தொட்டால் உறுமியிருக்கிறது. உறுமும்போதெல்லாம் மூக்கில் ஒரு தட்டு. பத்து நாளில் உறுமலை நிறுத்திவிட்டது. எல்லோரும் திருந்திவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். வலி போகவில்லை. வலிக்கிறது என்று சொல்வதற்கு அதனிடம் இருந்த ஒரே சத்தம்தான் போயிற்று.

உறுமல் என்பது கடிக்காமல் இருக்க நாய் செய்யும் முயற்சி. அதைப் பிடுங்கிவிடாதீர்கள். முதலில் பேரனையும் நாயையும் தனித்தனியாக வையுங்கள், பெரியவர் யாராவது பக்கத்தில் இல்லாமல் சேர்த்து விடவே வேண்டாம். அப்புறம் மருத்துவரிடம் காட்டுங்கள். இதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று மாறினால் காது, பல், இடுப்பு மூட்டு என்று எங்கேயோ வலி இருக்கிறதா என்றுதான் நான் முதலில் தேடுவேன். வால் ஆடுவதை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். காதைப் பாருங்கள், வாயைப் பாருங்கள், உடம்பு முன்னால் சாய்கிறதா பின்னால் போகிறதா என்று பாருங்கள். வாலைக் கடைசியில் பார்த்தால் போதும்.

கேள்வி: தேனீ நடனமாடிப் பூ இருக்கும் இடத்தைச் சொல்லும் என்று பாடத்தில் படித்தேன். கூட்டுக்குள் இருட்டாக இருக்குமே? ஆடுவதை மற்ற தேனீக்கள் எப்படிப் பார்க்கும்? (எட்டாம் வகுப்பு மாணவர்)

நல்ல இடத்தில் சந்தேகப்பட்டிருக்கிறாய், தம்பி. அவை பார்ப்பதில்லை. ஆடும் தேனீயின் பின்னாலேயே நெருங்கி ஓடி, உணர்கொம்பால் தொட்டுத் தெரிந்துகொள்கின்றன. அது சிறகை அதிர வைப்பதும், அதன் உடம்பில் ஒட்டியிருக்கும் பூவின் மணமும் சேர்ந்து அவற்றுக்குச் செய்தியாகிறது.

தேனடை செங்குத்தாகத் தொங்குகிறது இல்லையா, அதில் 'மேலே' என்ற திசையைச் சூரியன் இருக்கும் திசை என்று வைத்துக்கொள். தேனீ வயிற்றை ஆட்டிக்கொண்டே நேர் மேலே ஓடினால், சூரியனைப் பார்த்துப் போ என்று அர்த்தம். மேல் திசையிலிருந்து 60 பாகை வலப்பக்கம் சாய்ந்து ஓடினால், சூரியனுக்கு 60 பாகை வலப்பக்கம் போக வேண்டும். எவ்வளவு நேரம் ஆட்டிக்கொண்டு ஓடுகிறதோ அவ்வளவு தூரம். ஏறத்தாழ ஒரு நொடிக்கு ஒரு கிலோமீட்டர், தேனீ இனத்துக்கு இனம் கொஞ்சம் மாறும். வெளியே கண்ணால் பார்த்த திசையை, இருட்டுக்குள் மேல் கீழ் என்று மாற்றிச் சொல்கிறது அந்தச் சின்ன உயிர். இதைக் கண்டுபிடித்த கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பாடப் புத்தகத்தில் இருக்காத ஒன்றும் சொல்கிறேன். ஒரு பூ இருக்கும் இடத்தில் ஆபத்தைப் பார்த்துவிட்டு வந்த தேனீ, அதே இடத்துக்காக ஆடிக்கொண்டிருக்கும் தேனீயின்மேல் தலையால் முட்டி, 'ர்ர்' என்று ஒரு சின்ன அதிர்வு கொடுக்கும். பல முட்டு வாங்கினால் அது ஆட்டத்தை நிறுத்திவிடும். 'போ' என்று சொல்ல ஆள் இருப்பது போல 'போகாதே' என்று சொல்லவும் அங்கே ஆள் இருக்கிறது.

கேள்வி: நாய், குதிரை எல்லாம் நாம் பழக்கியவை. பழக்காத காட்டு விலங்கு எதுவாவது தானாக வந்து மனிதனோடு சேர்ந்து வேலை செய்கிறதா?

செய்கிறது. இந்தக் கேள்விக்காகவே இந்த இதழில் கூடுதல் இடம் கேட்டு வாங்கினேன்.

ஆப்பிரிக்காவில் தேன்காட்டி என்று ஒரு சின்னப் பறவை உண்டு. தேன் மெழுகைச் சாப்பிட்டுச் செரிக்கக் கூடியது. 1588-இலேயே, இன்றைய மொசாம்பிக் பகுதியில் இருந்த ஜுவாவ் தோஸ் சாந்தோஸ் என்ற போர்த்துகீசிய பாதிரியார், ஒரு பறவை தேவாலயத்துக்குள் வந்து மெழுகுவர்த்தியைக் கொத்துகிறது என்று எழுதிவைத்தார். அதே பறவை மனிதர்களைத் தேன்கூட்டுக்கு அழைத்துப் போவதையும் எழுதினார்.

பறவைக்குத் தேன்கூடு எங்கே என்று தெரியும். ஆனால் மரப்பொந்துக்குள் இருக்கும் அடையை எடுக்க முடியாது, தேனீ கொட்டினால் செத்துவிடும். மனிதனிடம் கோடாரி இருக்கிறது, புகை போடத் தெரியும், கூடு இருக்கும் இடம்தான் தெரியாது. மொசாம்பிக்கின் வடக்குப் பகுதியில், நியாசா காட்டில் யாவ் மக்கள் தேனுக்குக் கிளம்பும்போது 'ப்ர்ர்ர்ர்-ஹ்ம்' என்று ஒரு குரல் கொடுப்பார்கள். நாக்கை உருட்டி நீளமாக ஒரு ஒலி, முடிவில் தொண்டையிலிருந்து ஒரு முனகல். பறவை கீச்சிட்டுக்கொண்டு மரத்துக்கு மரம் தாவும், இவர்கள் பின்னால் போவார்கள். கூட்டை உடைத்து இவர்கள் தேன் எடுத்துக்கொள்ள, மெழுகு பறவைக்கு.

அந்தக் குரல் பறவைக்கு உண்மையிலேயே புரிகிறதா என்று கிளேர் ஸ்பாட்டிஸ்வுட் குழுவினர் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். வேறு மனிதக் குரலையோ வேறு பறவைச் சத்தத்தையோ ஒலிக்கவிட்டு நடந்தால் பறவை வழிகாட்ட முன்வரும் வாய்ப்பு 33 சதவீதம். 'ப்ர்ர்ர்-ஹ்ம்' என்றால் 66 சதவீதம். கடைசியில் கூடு கிடைக்கும் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. தான்சானியாவின் ஹட்ஸா மக்கள் இதே வேலைக்கு விசில் அடிக்கிறார்கள். அங்கே இருக்கும் பறவை விசிலுக்குத்தான் அதிகமாக வருகிறது, யாவ் குரலுக்கு அவ்வளவாக வருவதில்லை. அந்தந்த ஊர்ப் பேச்சை அந்தந்தப் பறவை கற்றிருக்கிறது. அப்பா அம்மாவிடம் கற்றுக்கொள்ளவும் வழியில்லை, ஏனென்றால் குயில் மாதிரி இதுவும் வேறு பறவையின் கூட்டில்தான் வளர்கிறது.

இன்னொன்று தெற்கு பிரேசிலில், லகுனா என்ற ஊரில். அங்கே கலங்கிய நீரில் இடுப்பளவு ஆழத்தில் மீனவர்கள் வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். மடவை மீன் கூட்டம் வந்தாலும் நீருக்குள் இவர்கள் கண்ணுக்குத் தெரியாது. ஓங்கில்களுக்கு, அதாவது டால்பின்களுக்கு, தெரியும். அவை மீனைக் கரைப்பக்கம் ஒதுக்கிக்கொண்டு வந்து, மீனவர் முன்னால் முதுகை வளைத்துச் சட்டென்று முங்கும். அதுதான் சொல். அந்த நொடியில் வலை விழ வேண்டும். வலைக்குப் பயந்து சிதறும் மீன் ஓங்கில் வாயில் போய் விழுகிறது. முந்தி வீசினாலும் போச்சு, பிந்தி வீசினாலும் போச்சு. நூறு வருடத்துக்கு மேலாக இது நடக்கிறது. ஓங்கிலுக்கு யாரும் மீன் போட்டுப் பழக்கவில்லை. தாய் ஓங்கிலோடு வந்து குட்டி கற்கிறது, பெரியவரோடு நின்று சிறியவர் கற்கிறார். முதுகுத் துடுப்பில் இருக்கும் வெட்டு, தழும்பை வைத்து ஒவ்வொரு ஓங்கிலையும் அடையாளம் கண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லா ஓங்கிலும் இப்படி வருவதில்லை, வருகிறவை எவை என்று அவர்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் அழிந்தும் போகும் என்பதுதான் எனக்குக் கவலை. தேனைக் கடையில் வாங்க ஆரம்பித்த இடங்களில் தேன்காட்டியைக் கூப்பிட ஆளில்லை. மடவை குறைந்தால் லகுனாவில் இரண்டு தரப்புக்கும் காத்திருக்கக் காரணமில்லை. பறவை இருக்கும், ஓங்கில் இருக்கும், மனிதனும் இருப்பான், பேச்சு மட்டும் போய்விடும்.

கேள்வி: என் மகள் வளர்க்கும் நாய் கூட்டல் கணக்குக்குக் குரைத்து விடை சொல்கிறது. மூன்றும் இரண்டும் என்றால் ஐந்து முறை குரைக்கிறது. அதற்கு அவ்வளவு அறிவா?

அறிவு இருக்கிறது, ஆனால் கணக்கில் இல்லை. நூறு வருடத்துக்கு முன் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை குளம்பால் தட்டி விடை சொல்லிப் பெரிய பெயர் எடுத்தது. அதை வளர்த்த வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் ஒரு ஆசிரியர், ஏமாற்றுக்காரர் இல்லை. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் 1907-இல் அதன் ரகசியத்தைக் கண்டுபிடித்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியாது. கேட்பவரைக் குதிரை பார்க்க முடியாவிட்டாலும் தெரியாது. கேள்வி கேட்டதும் மனிதர்கள் குளம்பைப் பார்க்கச் சற்றே குனிகிறார்கள், சரியான எண் வந்ததும் தலை மயிரிழை அளவு நிமிர்கிறது. அதைப் பார்த்துக் குதிரை நிறுத்துகிறது. இது தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் தலை அசைவை முழுக்க அடக்க முடியவில்லை.

கணக்கு வராத குதிரை என்று எல்லோருக்கும் ஏமாற்றமாகப் போனது. எனக்கு இந்தக் கதையில் ஆச்சரியமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. நாமே அறியாத நம் அசைவை அது படித்துவிட்டதே! மகளிடம் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்கச் சொல்லிப் பாருங்கள். நாய் நிறுத்தாமல் குரைத்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லுங்கள், அது இத்தனை நாளும் உங்கள் மகளைத்தான் படித்துக்கொண்டிருந்தது.

கேள்வி: பூனைக்குப் பாசமே கிடையாதா?

உண்டு. சத்தமில்லாமல் காட்டும். தூரத்தில் உட்கார்ந்து உங்களைப் பார்த்து மெதுவாகக் கண்ணைச் சிமிட்டினால், நீங்களும் பாதி மூடி, மெதுவாகத் திறந்து சிமிட்டுங்கள். இப்படிச் செய்கிறவர்களுக்குப் பூனை திருப்பிச் சிமிட்டுகிறது, பக்கத்திலும் வருகிறது என்று 2020-இல் இங்கிலாந்து ஆய்வு ஒன்று காட்டியது. இன்னொன்று: வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் 'மியாவ்' என்று அதிகம் பேசிக்கொள்வதில்லை. குட்டி தாயிடம் சொல்வது அது. உங்களிடம் அதைச் சொல்கிறது என்றால் உங்களை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்று யோசியுங்கள்.

கேள்வி: மனிதர் பேசுவதை யானை கேட்டால் ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளும் என்கிறார்களே?

ஆளை மட்டும் இல்லை, மொழியையும். கென்யாவின் அம்போசெலியில் யானைக் கூட்டங்களுக்கு, 'அதோ பார், யானைக் கூட்டம் வருகிறது' என்ற ஒரே வாக்கியத்தை வேறு வேறு குரல்களில் ஒலிக்கவிட்டார்கள். மசாய் இன ஆண்களோடு யானைகளுக்கு ஈட்டி பட்ட பழைய பகை உண்டு. அந்தக் குரல் கேட்டதும் ஒன்றோடு ஒன்று நெருங்கி நின்று, துதிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்து, விலகிப் போயின. கம்பா இன ஆண்களின் குரலுக்கு அந்த அளவு பயமில்லை. மசாய் பெண்கள், சிறுவர்கள் பேசினாலும் அப்படித்தான். 2014-இல் வந்த ஆய்வு இது.

அவை தங்களுக்குள் பேசுவதில் பெரும்பகுதி நம் காதுக்கே எட்டாது. 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் விலங்குக் காட்சிசாலையில் யானைகளின் பக்கத்தில் நின்ற கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர், காற்று விட்டு விட்டு அதிர்வதை உடம்பில் உணர்ந்தார். சத்தம் எதுவும் இல்லை. சிறுவயதில் தேவாலயத்தில் பெரிய ஆர்கன் இசைக்கருவியின் பக்கத்தில் நின்று பாடியபோது, அதன் கனத்த சுரங்கள் இப்படித்தான் அதிர்ந்தன என்று அப்புறம் அவருக்கு ஞாபகம் வந்தது. பதிவு செய்து வேகத்தைக் கூட்டி ஓட்டிப் பார்த்தால், யானைகள் பேசிக்கொண்டிருந்திருக்கின்றன. கிலோமீட்டர் கணக்கில் போகும் பேச்சு அது.

கேள்வி: அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. பேச்சு போய்விட்டது. 'ஆமா' என்ற ஒரு வார்த்தைதான் வருகிறது, அதுவும் எதற்கெடுத்தாலும். நாங்கள் பேசுவது புரிகிறதா என்றே தெரியவில்லை. உங்களிடம் கேட்கிற கேள்வியா என்று தெரியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

கேட்க வேண்டிய கேள்விதான். முதலில், பேச்சுப் பயிற்சி தரும் நிபுணரிடம் காட்டுங்கள். நான்கு மாதம் ஆகிவிட்டதே என்று விட வேண்டாம். அம்மாவுக்கு எவ்வளவு புரிகிறது என்பதை அவர்தான் சரியாகச் சோதித்துச் சொல்ல முடியும். அடுத்து நான் சொல்வது மருத்துவராகச் சொல்வது இல்லை. என் கணவரோடு மூன்று வருடம் இதே நிலையில் இருந்தவளாகச் சொல்கிறேன்.

ஒரே வார்த்தை மிஞ்சுவது புதிதில்லை. 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளிக்கு 'டான்' என்ற ஒலி மட்டும்தான் வரும். ஆனால் கேட்பதைப் பெரும்பாலும் புரிந்துகொண்டார், கை ஜாடையாலும் குரலின் ஏற்ற இறக்கத்தாலும் பதில் சொல்லிவிடுவார். பேச்சு வராததும் புத்தி இல்லாததும் வேறு வேறு.

என் கணவருக்கு மிஞ்சியது 'சரி' என்ற சொல். முதல் இரண்டு மாதம் நானும் தவறு செய்தேன். தலையணை வேண்டுமா, ஜன்னலைத் திறக்கவா, மகனைக் கூப்பிடவா என்று மூச்சுவிடாமல் கேட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் 'சரி' வந்ததும், இவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று முடிவு கட்டினேன். மாட்டின் காதைப் பார்த்து வலி சொல்லத் தெரிந்தவளுக்கு வீட்டு மனிதரைப் பார்க்க இரண்டு மாதம் பிடித்தது. ஒரு நாள் அவர் 'சரி' என்று சொல்லிக்கொண்டே இடது கையால் போர்வையின் ஓரத்தைத் தள்ளினார். அன்றுதான் கவனித்தேன். வேண்டாம் என்றால் அந்தச் 'சரி' குட்டையாக, மூக்கிலிருந்து வரும். வேண்டும் என்றால் முடிவில் கொஞ்சம் இழுபடும், புருவமும் ஏறும்.

மனிதர்கள் பேசும்போது ஒருவர் முடித்ததும் அடுத்தவர் ஆரம்பிக்க எடுப்பது சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். 2009-இல் பத்து மொழிகளில் அளந்து பார்த்தார்கள், மொழிக்கு மொழி கொஞ்சம்தான் மாறியது. நாம் அந்த வேகத்துக்குப் பழகியவர்கள். இரண்டு நொடி மௌனம் வந்தாலே பதில் இல்லை என்று நினைத்து அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். உங்கள் அம்மாவுக்கு அந்த இரண்டு நொடியில் பாதி வார்த்தைகூட வந்து சேர்ந்திருக்காது.

தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். முகத்துக்கு நேராக உட்காருங்கள். இரண்டு பொருளைக் கையில் காட்டி, இதுவா அதுவா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வார்த்தைக்குத் தடுமாறினால் நீங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டாம். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த நேரம் அம்மாவின் கண் எந்தக் கைக்குப் போகிறது, விரல் எந்தப் பக்கம் நகர்கிறது, 'ஆமா' எந்தக் குரலில் வருகிறது என்று பாருங்கள். ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், வீட்டில் மற்றவர்களும் பார்க்கட்டும். பழைய பாட்டு ஏதாவது அம்மாவுக்குப் பிடிக்கும் என்றால் மெதுவாகப் பாடிப் பாருங்கள். பேச்சு வராத சிலருக்குப் பாட்டில் வார்த்தை வரும். என் கணவருக்கு வந்தது, இரண்டு வரி. அடுத்த மாதம் எனக்கு எழுதுங்கள், அம்மாவிடம் எத்தனை 'ஆமா' இருக்கிறது என்று.